முயலுக்கு வைக்கோல் போதுமா? கேரட்டையும் பெல்லட்டையும் எப்படிக் குறைப்பது?

கேள்வி: பாளைவாசி

வணக்கம். மகளின் ஆசைக்காக வாங்கிய இரண்டு முயல்கள் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் வளர்கின்றன. இரண்டுக்கும் இப்போது 11 மாதம் ஆகிறது. எடை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 கிலோ. விற்றவர் சொன்னபடி காலையில் கேரட்டும் முட்டைக்கோசும், மாலையில் ஒரு கிண்ணம் நிறையப் பெல்லட் என்னும் சிறு குச்சித் தீவனமும் வைத்து வருகிறோம். மகள் கொடுக்கும் பிஸ்கட்டும், என் மாமியார் பாசத்தோடு பிய்த்துப் போடும் இட்லித் துண்டும் அவற்றோடு சேர்ந்துவிடுகின்றன.

ஒரு மாதமாகப் பெண் முயலின் பின்பக்கத்து ரோமத்தில் கரும்பசை போன்ற மென்மையான எச்சம் ஒட்டிக்கொள்கிறது. காட்டச் சென்ற இடத்தில் பச்சையைக் குறைக்கச் சொன்னார்கள். கோசை நிறுத்திவிட்டுப் பெல்லட்டைக் கூட்டினோம். ஒட்டுவது முன்னைவிட அதிகமாகிவிட்டது.

திமோதி என்னும் உலர்புல்லைக் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது குளிர்நாட்டுப் புல், வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்து எங்கள் பக்கத்து வயல்களில் வைக்கோல் குவிந்து கிடக்கிறது. அது போதுமா? வரப்பில் வளரும் அருகம்புல்லைக் கொடுக்கலாமா? அளவு எவ்வளவு என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: அம்பைத் தோட்டம்

சகோதரிக்கு வணக்கம். அம்பாசமுத்திரத்தில் பல ஆண்டுகளாக முயல் வளர்த்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த மென்மையான எச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முயல் இரண்டு வகையாகப் புழுக்கை போடும். நாம் தரையில் பார்க்கும் உருண்டையான காய்ந்த புழுக்கை ஒன்று. பளபளப்பாகச் சிறு திராட்சைக் கொத்துபோல வரும் மென்புழுக்கை மற்றொன்று. முயலின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை போன்ற ஒரு பகுதி இருக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் உணவைப் புளிக்கவைத்து உண்டாக்கும் புரதமும் வைட்டமின்களும் இந்த மென்புழுக்கையில்தான் வெளிவருகின்றன. முயல் அதைக் கீழே விழவிடாமல் வாயிலேயே வாங்கி மீண்டும் விழுங்குவது நோயின் அறிகுறி என்று பலர் பயப்படுகிறார்கள். அது அதன் இயல்பான உணவு. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்து நார்ச்சத்து குறையும்போது இந்தப் புழுக்கை குழைந்துவிடுகிறது; உடல் பருத்த முயலால் வளைந்து அதை எடுக்கவும் முடிவதில்லை. உங்கள் வீட்டில் நடப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பெல்லட்டைக் கூட்டியதால் அதிகமானதற்கும் காரணம் இதுவே.

ஆகவே புல்தான் சாப்பாடு, மற்றவை எல்லாம் தொடுகறி. நாள் முழுதும், இரவிலும், தட்டு காலியாகாமல் புல் இருக்க வேண்டும். முயல் தின்பதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் அது அமையட்டும். பெல்லட், முயலின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். புல் நன்றாகத் தின்னும் முயலுக்கு அதற்கும் குறைவாகவே போதும். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, சிறுகீரை என்று மாற்றி மாற்றி ஒரு கைப்பிடி கொடுங்கள். கேரட் கிழங்கில் சர்க்கரை அதிகம் என்பதால் கட்டைவிரல் நுனியளவு, வாரத்துக்கு இரண்டு முறை போதும். பிஸ்கட், இட்லி, சோறு ஆகியவற்றை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மாமியாருக்கு வருத்தமாக இருக்குமென்றால், அவர் கையால் கொத்தமல்லியை ஊட்டச் சொல்லுங்கள்.

வைக்கோலைப் பற்றிக் கேட்டீர்கள். நெல் முற்றியபின் எஞ்சும் தாள் அது. நார் இருக்கிறது, புரதம் மிகக் குறைவு. கூண்டில் விரிக்கலாம், விரும்பினால் கடிக்கட்டும். அதையே உணவாக நம்பினால் முயல் மெலிந்துவிடும். அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கினியாப்புல், மாட்டுக்கு வளர்க்கும் கோ-4 தீவனப்புல் ஆகிய எல்லாமே திமோதியின் இடத்தை நிரப்பக்கூடியவை.

உலர்புல்லை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்; நம் ஊர் வெயிலைவிட இதற்கு என்ன வேண்டும்? புல் பூக்கத் தொடங்கும் தறுவாயில் அறுத்து, மொட்டைமாடியில் பழைய சேலையை விரித்து மெல்லியதாகப் பரப்புங்கள். உச்சி வெயிலில் வெளுத்துப் போகாதபடி மேலே ஒரு துணி நிழல் கட்டி, காலையும் மாலையும் புரட்டிவிட்டால் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். பச்சை நிறம் மாறாமல், முகர்ந்தால் இனிய மணம் வர வேண்டும்; தண்டை முறுக்கினால் கையில் ஈரம் தெரியாமல் முறிய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டி வைத்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடித்துவிடும். அத்தகைய புல்லைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். சணல் சாக்கில் போட்டுத் தரையில் படாமல் தொங்கவிடுவது நல்லது.

பதில்: மருதநிலம்

கால்நடை மருத்துவத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முன்னவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். விட்டுப்போனவை சில உண்டு.

முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். பெல்லட்டைச் சில கடியில் தின்று முடிப்பதால் கடைவாய்ப் பற்கள் தேய்வதில்லை. புல்லைப் பக்கவாட்டில் நெடுநேரம் அரைப்பதுதான் அவற்றைச் சீராக வைக்கிறது.

உணவை ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டு மூன்று வாரங்களில், பெல்லட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓட்டம் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. மனிதருக்கான அமாக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நீங்களாக வாய்வழியே கொடுத்துவிடாதீர்கள். அது முயலின் குடல் நுண்ணுயிர்களை அழித்து உயிரையே பறிக்கக்கூடும்.

வரப்புப் புல்லில் எனக்குள்ள ஒரே அச்சம் பூச்சிமருந்து. வயலுக்குரியவரிடம் எப்போது தெளித்தார் என்று கேட்காமல் ஒரு பிடிகூட அறுக்காதீர்கள். இளஞ்சோளப் பயிரைக் கொடுக்கக் கூடாது. அதில் ஆடுமாடுகளையே கொல்லும் நஞ்சு உண்டு. அரளி, எருக்கு, ஆமணக்கு, உண்ணிச்செடி ஆகியவை அறுக்கும்போது கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் கூடாது.

கோயில் வாசலில் பசுவுக்கென்று விற்கும் அகத்திக்கீரையை நம் பக்கத்தில் பலர் முயலுக்கும் தினமும் கொடுக்கிறார்கள். அகத்தி, முருங்கை, குதிரை மசால் என்னும் தீவனச்செடி ஆகிய மூன்றிலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அது உதவும். முயல் தேவைக்கு மேற்பட்ட சுண்ணாம்பைச் சிறுநீரில்தான் வெளியேற்றும் என்பதால், வளர்ந்த முயலுக்கு நாள்தோறும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் சேறுபோலப் படியக்கூடும். வாரத்தில் ஒரு நாள், சிறிதளவு போதும்.

ஒட்டியிருக்கும் எச்சத்தை ஈரத்துணியால் தினமும் துடைத்து உலர்த்துங்கள். வெயில் காலத்தில் ஈ மொய்த்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

பதில்: சாரல்மேகம்

தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் முயல்கள் குழாய் புட்டியில் குடிப்பதைவிடக் கனமான மண்சட்டியில் இரு மடங்கு குடிக்கின்றன. சித்திரை, வைகாசியில் நாளுக்கு மூன்று முறை மாற்றுகிறேன். கீரையை அலசி, ஈரம் உதறாமல் வைக்கிறேன்.

பாளைவாசி

ஐயா, அண்ணாச்சி, எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிறது. ஆண் முயல் முதல் நாளே புல்லில் வாய் வைத்தது. பெண் முயல் ஒன்பதாம் நாள்வரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. புதினாவை நறுக்கி உலர்புல்லுக்குள் கலந்தபின் தேடித் தின்னத் தொடங்கியது. கடந்த ஐந்து நாளாக எதுவும் ஒட்டவில்லை. ராமையன்பட்டியில் பல்லையும் பார்த்துவிட்டார்கள், குறையில்லை. ஐப்பசி மழைக்கு முன் எவ்வளவு காயவைத்துச் சேர்க்க வேண்டும்?

அம்பைத் தோட்டம்

2 கிலோ முயல் ஒன்றுக்கு நாளுக்கு 100 கிராம் உலர்புல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மாதம் 6 கிலோ, மூன்று மாதத்துக்கு 18 கிலோ. நான்கைந்து கிலோ பச்சைப்புல் காய்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். மழைக்காலத்தில் பச்சைப்புல் தாராளமாகக் கிடைப்பதால் அந்த 18 கிலோ உலர்புல்லில் பாதியைச் சேர்த்தாலே போதும். சாக்கைச் சமையலறைப் பரணில் போடாமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை கைவிட்டுப் பாருங்கள்.