10 லட்சம் கெல்வின் வாயுவுக்குள் 100 கெல்வின் முகில் எப்படித் தாங்குகிறது?

பரணி:
சூரியனைச் சுற்றியுள்ள சூடான, அடர்த்தி குறைந்த வாயுக்குமிழான லோக்கல் பபிளில் வெப்பநிலை சுமார் 10 லட்சம் கெல்வின், எலக்ட்ரான் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.005. அதற்குள் 1 பார்செக் (சுமார் 3.26 ஒளியாண்டு) ஆரம், 100 கெல்வின், கன செ.மீ.க்கு 30 ஹைட்ரஜன் அணு என்று ஒரு முகிலை எடுத்துக்கொள்வோம். அழுத்தத்துக்கு அளவாக அடர்த்தியையும் வெப்பநிலையையும் பெருக்கினால் வெளியே 5000, உள்ளே 3000. முகில் நசுங்காதா? நசுங்காவிட்டாலும் அந்தச் சூட்டில் ஆவியாகிவிடாதா?

ரோகிணி:
வெளிக்கணக்கில் பாதியை விட்டுவிட்டீர்கள். அது முழுக்க அயனியான வாயு. எலக்ட்ரானோடு அயனியும் அழுத்தம் தரும், ஆகவே கிட்டத்தட்ட 10,000. உள்ளே ஹீலியத்தைச் சேர்த்தால் 3300. மிச்சத்தைக் காந்தப்புலம் தாங்குகிறது: 5 மைக்ரோகாஸ் புலத்தின் அழுத்தம் இதே அலகில் 7200. கூட்டினால் 10,500, வெளியழுத்தத்துக்கு ஈடாகிவிட்டது. குளிர்ந்த ஹைட்ரஜன் முகில்களில் சீமான் விளைவு (காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடு பிரிவது) மூலம் அளந்த புலமும் 6 மைக்ரோகாஸை ஒட்டித்தான் இருக்கிறது.

சுவாதி:
ஆவியாதலுக்கு வானியற்பியலாளர்கள் கௌவீ, மெக்கீ இருவரின் 1977 சமன்பாடுகள் போதும். முதலில் செறிவு எண்ணைப் பாருங்கள்; எலக்ட்ரான் மோதாமல் செல்லும் தூரம் முகிலின் ஆரத்தோடு ஒப்பிட எவ்வளவு பெரியது என்பதை அது காட்டும்: வெளிவாயுவின் வெப்பநிலையை 1.54 கோடியால் வகுத்து வர்க்கமாக்கி, வெளிவாயுவின் எலக்ட்ரான் அடர்த்தி பெருக்கல் முகிலின் ஆரத்தால் (பார்செக்கில்) வகுக்க வேண்டும். உங்கள் முகிலுக்கு 0.84. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் எலக்ட்ரான் மோதல்கள் வெப்பத்தைக் கடத்துவதற்கான ஸ்பிட்சரின் வழக்கமான சூத்திரத்தை வைத்தே கணக்கிடலாம். இழப்பு ஆண்டுக்கு ஒரு கோடியில் 4.3 பங்கு சூரிய நிறை. முகிலின் நிறை 4.3 சூரிய நிறை. ஆக, ஆயுள் ஒரு கோடி ஆண்டு.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். இழப்பு ஆரத்தோடும் நிறை ஆரத்தின் கனத்தோடும் கூடுவதால் ஆயுள் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதற்காக 0.1 பார்செக் முகிலுக்கு நூறில் ஒரு பங்கு ஆயுள் என்று எழுதிவிடாதீர்கள். அங்கே செறிவு எண் 8.4. எலக்ட்ரான் மோதாமல் செல்லும் தூரமே சுமார் 0.8 பார்செக், முகிலைவிடப் பெரியது. வெப்பம் அவ்வளவு வேகமாக உள்ளே போய்ச் சேராது, பழைய சூத்திரம் இழப்பை மிகைப்படுத்தும். செறிவு எண் 0.027-க்குக் கீழே போனால் நிலைமை தலைகீழ்: கதிர்வீச்சில் வெப்பம் போய், சூடான வாயுதான் முகில்மேல் படியும். இந்த அடர்த்தியில் அதற்கு 30 பார்செக் ஆரம் வேண்டும்.

மகம்:
சுவாதி சொன்ன ஒரு கோடியைக் கீழ்வரம்பாகக் கொள்ளுங்கள். எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளுக்குக் குறுக்கே வெப்பத்தைக் கடத்துவதில்லை. புலம் முகிலைப் போர்த்தியிருந்தால் இழப்பு பல மடங்கு குறையும்.

வெளிவாயுவின் அடர்த்தியை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. அதை வாயுவின் எக்ஸ் கதிர் ஒளிர்விலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். ஆனால் நமக்கு வரும் கால் கிலோ எலக்ட்ரான்வோல்ட் எக்ஸ் கதிரில் ஒரு பகுதி, சூரியக் காற்று அயனிகள் நடுநிலை அணுக்களிடம் எலக்ட்ரானைப் பறிக்கும்போது பிறப்பது. 2012 டிசம்பரில் ஏவிய டிஎக்ஸ்எல் என்ற எக்ஸ் கதிர் ஆய்வு ராக்கெட்டின் அளவீட்டில், பால்வெளித் தளத் திசையில் அது சுமார் 40 விழுக்காடு. ஒளிர்வு அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதைக் கழித்தால் அடர்த்தியில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவான பங்கு கழியும். 0.005 அப்படிக் கழித்து வந்த எண். பழைய கட்டுரைகளின் எண்ணைப் போட்டால் வெளியழுத்தம் 15,000 அளவுக்கு ஏறி, ரோகிணியின் கூட்டல் இடிக்கும்.