முதல் ரேம்ப் ஷோ: சொந்தமாக பிராண்டு நடத்துகிறவர்கள் அனுபவம் சொல்லுங்களேன்

நூல்கண்டு:
எல்லோருக்கும் வணக்கம். நானே வரைந்து, நானே வெட்டி, ஒரு தையல்காரரின் துணையோடு தைத்து விற்கிற சின்ன பிராண்டு என்னுடையது. சில டிசைனர்கள் சேர்ந்து நடத்தும் ரேம்ப் ஷோவில் 8 லுக் (ஒரு மாடல் தலை முதல் கால் வரை போட்டு வரும் முழு உடை ஒரு லுக்) காட்ட இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் உண்டு. மேடை, லைட்டிங், மாடல்கள், மேக்கப் எல்லாம் ஏற்பாட்டாளர்கள் பொறுப்பு. இதுவரை என் உடைகளை ஹேங்கரிலும் போட்டோவிலும் மட்டும்தான் காட்டியிருக்கிறேன். எதற்கெல்லாம் தயாராக வேண்டும்? அவர்களிடம் எதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்? போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

ஊசிமுனை:
வாழ்த்துகள்! நானும் தனியாகத்தான் பிராண்டு நடத்துகிறேன், இந்த மாதிரி கூட்டு ஷோக்களில் கலந்துகொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லுக் மேடையில் இருப்பது ஏறக்குறைய 30, 40 வினாடி. அடுத்தடுத்து ஆள் வந்துகொண்டே இருப்பதால் உங்கள் 8 லுக்கும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். காலர் ஓரத்தில் ராத்திரி கண்விழித்துப் போட்ட கைத்தையல் அங்கே யார் கண்ணிலும் படாது. உருவமும் நிறமும் தெரியும். அதைவிட முக்கியமாக, துணி எப்படி அசைகிறது என்பது தெரியும். அதனால் எதை எடுத்துப்போவது என்று முடிவு செய்யும் முன் ஒவ்வொன்றையும் யாருக்காவது போட்டுவிட்டு நடக்கச் சொல்லுங்கள். நடக்கும்போது, திரும்பும்போது, நிற்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்.

என்னிடம் ஒரு நீளக் கோட் இருந்தது. கனமான கம்பளி, சாம்பல் நிறம், பின்பக்கம் ஆழமான பிளவு. ஹேங்கரில் தொங்கும்போது யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதைப் போட்டு நடந்த மாடல் பெண் ரேம்ப் முனையில் சட்டென்று திரும்பினாள். பிளவு விரிந்து, உள்ளே இருந்த துரு நிற லைனிங் ஒரு வீச்சில் வெளியே வந்து அடங்கியது. முன்வரிசையில் இரண்டு பேர் உடனே குனிந்து குறிப்பெடுத்தார்கள். அன்றைக்குப் பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட உடை அதுதான். அந்த லைனிங்குக்காக நான் துணிக்கடை துணிக்கடையாக அலைந்தது அப்போதுதான் இன்னொருவர் கண்ணுக்குத் தெரிந்தது. ரேம்ப்பில் எனக்குப் பிடித்ததும் இதுதான்: உடை உடம்பில் உயிரோடு இருப்பதை ஒரு கூட்டமே பார்க்கிறது.

அடுத்தது வெளிச்சம். மேடை விளக்கும் கேமரா ஃபிளாஷும் சேர்ந்தால் மெல்லிய துணி உள்ளே இருப்பதை அப்படியே காட்டிவிடும். சாட்டினில் தையல் இழுத்திருந்தால் ஒவ்வொரு சுருக்கமும் பளிச்சென்று தெரியும். கறுப்பு மேல் கறுப்பு வைத்து நீங்கள் செய்த வேலைப்பாடு வீடியோவில் காணாமல் போய்விடும். இருட்டறையில் மொபைல் ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஃபிட்டிங், அதாவது மாடலுக்கு உடையை முன்கூட்டியே போட்டு அளவு பார்ப்பது, கட்டாயம் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். ஒரு ஷோவில் எனக்கு ஒதுக்கிய மாடலைக் கடைசி நாளில் மாற்றிவிட்டார்கள். வந்தவர் உயரம் கூடுதல், பேன்ட் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. மடிப்பில் 5 செ.மீ. துணி விட்டு வைத்திருந்ததால் பிரித்து இறக்கினோம். அதனால் சொல்கிறேன், மடிப்பிலும் பக்கத் தையலிலும் தாராளமாகத் துணி விடுங்கள். பெரிதாக இருந்தால் வெட்டாமல் ஓட்டுத் தையல் போட்டுப் பிடியுங்கள். அதே உடையைத்தானே அப்புறம் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டப் போகிறீர்கள்.

பின்மேடை:
நான் டிரஸ்ஸர். மாடலுக்கு உடை மாட்டிவிடுவதுதான் என் வேலை. ஊசிமுனை அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லைனப் பட்டியலை, அதாவது எந்த மாடல் எந்த உடையில் எந்த வரிசையில் வருகிறார் என்ற பட்டியலை, முன்பே வாங்குங்கள். ஒரே மாடலுக்கு உங்கள் லுக் இரண்டு இருந்தால் நடுவில் குறைந்தது மூன்று பேராவது நடக்கட்டும். அப்படி இருந்தாலே எங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம்தான். உடை மாற்றுவதைவிட வார் வைத்த செருப்புதான் நேரத்தைத் தின்னும். முதுகில் வரிசையாகக் குட்டிப் பொத்தான்கள் இருந்தால், அவற்றை மேலே அலங்காரமாகத் தைத்துவிட்டு அடியில் பிரெஸ் பட்டனோ ஜிப்போ வையுங்கள்.

ஒவ்வொரு ஹேங்கரிலும் முழு லுக்கின் போட்டோ, வரிசை எண், கூடவே என்னென்ன போட வேண்டும் என்ற அட்டை இருக்கட்டும். உங்கள் கண்ணுக்கு முன்பக்கம் எது என்று தெரியும், இருட்டில் நிற்கிற எனக்குத் தெரியாது, அதையும் எழுதுங்கள். தலைவழியாகப் போடும் உடை என்றால் மாடல் முகத்தை மூட ஒரு மெல்லிய துணி வேண்டும். இல்லையென்றால் லிப்ஸ்டிக் காலரில்தான் இருக்கும்.

செருப்பின் அடியில் கரடுமுரடான டேப் ஒட்டுங்கள். 1993இல் பாரிஸில் பிரிட்டிஷ் டிசைனர் விவியன் வெஸ்ட்வுட் ஷோவில் சூப்பர்மாடல் நவோமி கேம்ப்பெல்லே விழுந்தார். அந்தக் காலணி இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார், எல்லோராலும் அது முடியாது.

வெட்டுக்கத்தரி:
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. கட்டணம் கட்டி நடக்கிற ஷோவில் முன்வரிசையில் உட்காருவது பெரும்பாலும் மற்ற டிசைனர்களின் நண்பர்களும் குடும்பமும்தான். அந்தப் பணத்தில் நல்ல லுக்புக் (உடைகளை மாடலுக்குப் போட்டு எடுத்த படத் தொகுப்பு) எடுத்துக் கடைகளுக்கு அனுப்பலாம். மேடை வேண்டுமென்றால் அதையும் நாமே போடலாம். பெல்ஜிய டிசைனர் மார்ட்டின் மார்ஜீலா 1989இல் பாரிஸின் ஓரத்தில் ஒரு விளையாட்டு மைதானத்தில் ஷோ வைத்தார், அக்கம்பக்கத்துக் குழந்தைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றுவரை அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நூல்கண்டு:
இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. வெட்டுக்கத்தரி சொல்வதுதான் எனக்கும் உறுத்துகிறது. ஊசிமுனை, பணம் கட்டியது உங்களுக்குத் திரும்பி வந்ததா?

ஊசிமுனை:
அன்றைய விற்பனையை மட்டும் பார்த்தால் இல்லை. ஆனால் படங்களும் வீடியோவும் வந்தன, அவற்றை வைத்து அடுத்த சீசன் முழுக்க விற்றேன். அதனால் படங்கள்தான் முதல் கேள்வி. எத்தனை நாளில் தருவார்கள், முழு அளவில் தருவார்களா, விளம்பரத்துக்குப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை உண்டா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி, கடைசியில் லோகோ அச்சடித்த சின்னச் சின்னப் படங்களோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். வீடியோவுக்கு ரேம்ப் முனையில் உங்கள் ஆள் ஒருவர் நிற்க அனுமதியும் கேளுங்கள்.

யார் பார்க்க வருகிறார்கள் என்றும் நேரடியாகக் கேளுங்கள். கடைக்காரர்களையும் ஸ்டைலிஸ்ட்களையும் அழைக்கிறார்களா? மழுப்பினால், வெட்டுக்கத்தரி சொன்ன மாதிரி லுக்புக் எடுப்பதே நல்லது. நல்ல பதில் வந்தால் போங்கள், நீங்களும் நாலைந்து பேரை அழையுங்கள். அந்தக் காலத்தில் பாரிஸ் ஆடை இல்லங்களில் மாடல்கள் கையில் எண் அட்டையோடு நடப்பார்கள், வாங்குகிறவர்கள் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். உங்கள் விருந்தினர் நாற்காலிகளில் ஒரு பக்கத் தாள் வையுங்கள்: லுக் எண், துணி, விலை, தைத்துத் தர ஆகும் நாள், உங்கள் தொடர்பு. ஷோ முடிந்ததும் உடைகளைப் பெட்டியில் அடைக்காமல் ஒரு ஸ்டாண்டில் அதே எண் வரிசையில் தொங்கவிடுங்கள். கையில் தாளோடு வருகிறவர்தான் வாங்குகிறவர்.