வெட்டுக்கிளிகள் சேர்ந்து போவது ஒற்றுமையாலா, கடிக்குப் பயந்தா?

பொன்வண்டு:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: பாலைவன வெட்டுக்கிளிக்குத் தலைவன் கிடையாது, ஆனாலும் கோடிக்கணக்கில் ஒரே திசையில் போகிறது, மனுசன் அதனிடம் ஒற்றுமை கற்கணும் என்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இறக்கை முளைக்காத குஞ்சுகள் தரையில் சாரைசாரையாகப் போவது, நின்றால் பின்னால் வருவது கடித்துத் தின்றுவிடும் என்பதால். 2008இல் வந்த ஆய்வு ஒன்றில் வயிற்றுப் பகுதிக்குப் போகும் நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். பின்பக்கம் கடிபடுவதை உணராத குஞ்சுகள் நடப்பதைக் குறைத்துக்கொண்டன, மற்றவற்றுக்குக் கூடுதலாக இரையாயின. இதுவா ஒற்றுமை?

மேகலா:
பாதிக் கதையிலேயே தீர்ப்பு எழுதிட்டீங்களே சார். கடிக்குப் பயம்னா பிரிஞ்சு ஓடலாமே, ஏன் சேரணும்? இது தனியா வாழவும் தெரிஞ்ச பூச்சி. தனியா இருக்கும்போது இன்னொண்ணைக் கண்டா விலகும், இரவில்தான் பறக்கும். மழைக்கு முளைச்ச செடியெல்லாம் காய்ஞ்சு, மிச்சமிருக்கிற பச்சையில் எல்லாம் வந்து நெருக்கியடிக்கும்போது பின்னந்தொடையில் உரசல் படும். ரெண்டு மணி நேரம் போதும், குணமே மாறிடும். மார்பு நரம்புத்திரளில் செரட்டோனின்ங்கிற நரம்பு வேதிப்பொருள் ஏறுவதுதான் காரணம்னு 2009இல் காட்டினாங்க. அதைத் தடுத்தா மாற்றமும் நடக்கலை. விலகினது அப்புறம் கூட்டத்தைத் தேடிப் போகும். குஞ்சுகள் கறுப்பு மஞ்சளாகும். நஞ்சுச் செடியையும் தின்று உடம்பைக் கசப்பாக்கிக்கும். கூட்டமா இருந்தாத்தான் அந்த நிறத்தைப் பார்த்துப் பல்லியும் பறவையும் ஒதுங்கும். லாபம் இல்லாமலா சேருது?

வைகைக்கரை:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். 2020இல் கிருஷ்ணகிரிப் பக்கம் எருக்கஞ்செடியை மொய்த்ததாகச் செய்தி வந்ததே, அது இதுதானா?

மேகலா:
இல்லைங்க. அது எருக்கில் வாழ்கிற உள்ளூர் இனம். இப்படிக் கூட்டமாப் படையெடுக்காது. வேளாண் துறையும் அப்பவே சொல்லிட்டாங்க.

பொன்வண்டு:
லாபம் வேறு, ஒற்றுமை வேறு. இன்னொரு இனமான புலம்பெயர் வெட்டுக்கிளியில் 2023இல் கண்டுபிடித்தது இன்னும் தெளிவு. நெரிசல் கூடக்கூட அது ஃபினைல் அசிட்டோநைட்ரைல் என்ற வாசனையை வெளியிடும். அது வீசினால் பக்கத்தில் உள்ளது கடிக்காது. மரபணுவைத் திருத்தி அந்த வாசனையை நிறுத்தியதும் தின்னப்பட்டவை அதிகமாயின. கூட்டாளிகளுக்குள் "என்னைத் தின்னாதே" என்று சொல்ல ஒரு வாசனை எதற்கு?

தார்மணல்:
ரெண்டு பேரும் குஞ்சிலேயே நிக்கிறீங்க. வேலை காரணமாக ஜெய்ப்பூரில் இருந்தபோது 2020 மே மாதம் நான் பார்த்தது இறக்கை முளைத்த, இளஞ்சிவப்பு நிறக் கூட்டம். வானத்தில் யார் யாரைக் கடிப்பது? காற்றோடு போகும், ஒரு நாளில் 100 கிலோமீட்டருக்கு மேலும் போகும், பொழுது சாய்ந்ததும் மரத்தில் அடையும். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 4 முதல் 8 கோடி இருக்கலாம். சனங்க தட்டைத் தட்டி விரட்டினாங்க. பக்கத்து வயலுக்குத் தள்ளிவிட்டதுதான் மிச்சம். அடைந்து கிடக்கும் ராத்திரியிலோ விடியற்காலையிலோ மருந்தடித்தால்தான் பலன். இந்தப் படையின் மூலம் 2018இல் இருக்கு: மே மாதம் மெகுனு, அக்டோபரில் லுபான் என்று ரெண்டு புயல் மழை அரேபியாவின் ரூப் அல் காலி பாலையை நனைத்தது. ஆள் போகாத மணலில் மூன்று தலைமுறை பெருகியது. ஏமனுக்கு வந்தபோது அங்கே போர், போய்த் தடுக்க வழியில்லை.

மேகலா:
அண்ணன் சொன்ன 2020 படையெடுப்பின்போதே கென்யாவில் குஞ்சுகளின் நடையையும் கவனிச்சிருக்காங்க. ஆய்வு 2025இல் வந்தது. மெய்நிகர்த் திரையில் நடக்கிற வெட்டுக்கிளி உருவங்களை மட்டும் காட்டினாங்க, நிஜப் பூச்சி அதைப் பார்த்தே அது தெரிகிற பக்கம் நடந்தது. திரையில் தெரிவது கடிக்குமா சார்?

பொன்வண்டு:
கடிக்காது. ஆனால் கண்ணுக்குத் தெரிவதன் பக்கம் நடப்பது கூட்டம் எந்தத் திசையில் போகும் என்பதைச் சொல்கிறது. நிற்காமல் ஏன் போகிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. நரம்பு வெட்டிய குஞ்சுகளுக்குக் கண் நன்றாகத்தானே தெரிந்தது, அவை ஏன் நடை குறைத்தன? அதைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.