கோபுரக் கலசமும் ஆறாமீனும்

ஐப்பசியில் டெலஸ்கோப் வாங்கியவன் கடலூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெட்டி வந்த மறுநாள் பிடித்த மழை, கார்த்திகை முடிந்தும் விடவில்லை. மனசு சோரும்போதெல்லாம் லெ ஜென்டிலை நினைத்துக்கொள்வேன். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து கப்பலேறியவர் அவர். 1761இல் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்தது எதற்கும் உதவவில்லை. அடுத்த வாய்ப்புக்கு எட்டு வருஷம் ஊர் திரும்பாமல் காத்திருந்து, 1769இல் புதுச்சேரியிலேயே கருவியோடு உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. எனக்கு இரண்டே மாதம்தானே!

மார்கழியில் வானம் திறந்தது. என்னுடையது 76 மி.மீ. கண்ணாடியும் 700 மி.மீ. குவியத் தூரமும் கொண்டது. பெட்டி மேல் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் இருந்ததில் மயங்கித்தான் வாங்கினேன். கணக்கு என்னவோ சரிதான்: 700ஐ 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வகுத்து, உருவத்தை இன்னும் பெரிதாக்கும் 3 மடங்கு பார்லோ லென்ஸால் பெருக்கினால் 525. ஆனால் 76 மி.மீ. கண்ணாடியில் 150 மடங்கைத் தாண்டினால் மங்கல்தான் பெரிதாகும். அது தெரியாமல் பத்து நாள் இருட்டைத் துழாவினேன். தொட்டால் ஆட்டம், தொடாமல் விட்டால், பூமி சுற்றுகிற சுற்றில் நட்சத்திரம் நழுவிப் போய்விடும். திருப்பிக் கொடுக்க முடியுமா என்றுகூட விசாரித்தேன். வீட்டில் இது தெரியாது.

குறி பார்க்க மேலே பொருத்திய சின்னக் குழாயான ஃபைண்டர் ஒரு பக்கம், பெரிய குழாய் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது அப்புறம்தான் புரிந்தது. அதை ராத்திரியில் சரிசெய்யப் பார்த்ததுதான் தப்பு. ஒருநாள் வெளிச்சம் இருக்கும்போதே மொட்டை மாடியிலிருந்து பாடலீஸ்வரர் கோயில் கோபுரத்தைப் பிடித்தேன். 20 மி.மீ. ஐபீஸில் கலசம் தலைகீழாகத் தொங்கியது. அதில் ஒரு புறாவும் தலைகீழாகக் கழுத்தைச் சிலுப்பிக்கொண்டிருந்தது. ஃபைண்டரின் குறுக்குக்கோடும் அதே கலசத்தில் வந்து நிற்கும்வரை திருகுகளை மாற்றி மாற்றித் திருகினேன். யார் செய்தாலும் குழாயைச் சூரியன் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள், கண் போய்விடும்.

அன்றிரவே வியாழன் அகப்பட்டது. 35 மடங்குதான். கடுகளவு வட்டம், பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு புள்ளி. கலிலியோ 1610இல் பார்த்த அதே நிலாக்கள். பார்லோவை அன்றோடு அலமாரியில் போட்டேன்.

பொங்கல் முடிந்த வாரம், வடகம் எடுக்க மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு ஆயா, “என்னா தம்பி இது, பீரங்கியா?” என்றார். தலைக்கு மேல் இருந்த கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினேன். “இது ஆறாமீன் இல்ல? எனக்குத் தெரியாதா!” என்று சொல்லிக்கொண்டே குனிந்தவர், கண்ணை வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். இரண்டு கையும் தீர்ந்து, மறுபடி முதல் விரலிலிருந்து.

“இருபது வந்துட்டன்… ஐயோ, எங்க தம்பி ஓடுது?”

குழாயை லேசாக நகர்த்திக் கொடுத்தேன். திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.