வியட்நாமின் காவ் பாங் மலைகளில்: போய் வந்தவர்களின் பகிர்வு

வியட்நாம் போகும் நம்மவர்களில் பெரும்பாலானோர் ஹா லாங், ஹோய் ஆன், சாப்பா என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காவ் பாங் பற்றித் தமிழில் எதுவும் என் கண்ணில் படாததால் நானே தொடங்குகிறேன். போய் வந்தவர்கள் சேர்த்து எழுதுங்கள்.

நாட்டின் வடகிழக்கு மூலையில், சீனாவின் குவாங்சி எல்லையை ஒட்டிய மலை மாகாணம் இது. ஹனோயிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர்தான். ரயிலும் இல்லை, விமான நிலையமும் இல்லை. பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம் வளைந்து வளைந்து ஏற வேண்டும். சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்க, அவற்றின் இடையே கிடைத்த சமதளத்தில் எல்லாம் நெல்லும் சோளமும் பயிராகின்றன. 2018இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் புவிப்பூங்காவாக, அதாவது சிறப்பான நில அமைப்புக்காகப் பேணப்படும் பகுதியாக, அறிவித்தது. வியட்நாமில் டோங் வானுக்குப் பிறகு அந்தப் பெயர் பெற்ற இரண்டாவது இடம் இதுதான்.

முதலில் பான் ஸோக் அருவி. குவே சோன் ஆறு சீனாவில் பிறந்து வியட்நாமுக்குள் வந்து, எல்லையை ஒட்டி ஓடி, மீண்டும் சீனாவுக்கே போகிறது. அந்த வழியில்தான் படிப்படியாக விழுகிறது. ஒரு பக்கத்து அருவி முழுவதும் வியட்நாமுக்குரியது. அகன்ற பெரிய அருவி இரு நாடுகளுக்கும் பொது. 1999இல் கையெழுத்தான நில எல்லை ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் இந்தப் பங்கீடு தெளிவானது. அடியில் உள்ள அகன்ற மடுவில் இரு கரைகளிலிருந்தும் தெப்பங்கள் கிளம்புகின்றன. எங்கள் தெப்பம் சாரலுக்குள் நுழைந்தபோது சீனத் தெப்பம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. அதிலிருந்த ஒரு பாட்டி என் மகளுக்குக் கையசைத்தார், இவளும் அசைத்தாள். கரையில் எல்லைக்கல், காவல். நீரின் நடுவில் ஒரு கோடும் கண்ணுக்குத் தெரியவில்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் போங்கள். தண்ணீர் நிறைந்திருக்கும், நெல்லும் முற்றியிருக்கும். கோடையில் பெருமழைக்கு மறுநாள் போனால் அருவி செம்மண் நிறத்தில் இரையும். அதுவும் பார்க்க வேண்டியதே.

ஆனால் ஹனோயிலிருந்து வருபவர்களில் பலர் அருவியைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு மறுநாளே கிளம்பிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இந்த மாகாணத்தின் உயிர் அதன் சிற்றூர்களில்தான் இருக்கிறது.

நகரத்திலிருந்து அருவிக்குப் போகும் வழியிலேயே ஃபுக் சென் வருகிறது. நுங் இன மக்களின் கொல்லர் ஊர். பழைய லாரிகளுக்கு அடியில் இருக்கும் எஃகுப் பட்டைகளை வாங்கி வெட்டி, உலையில் காய்ச்சி, கத்தியும் அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கிறார்கள். நான் நின்ற பட்டறையில் கணவர் குறடால் பிடித்துக்கொண்டு சின்னச் சுத்தியால் தட்டி இடம் காட்ட, மனைவி பெரிய சம்மட்டியால் அந்த இடத்திலேயே அடித்தார். இருவருக்கும் இடையே ஒரு சொல் இல்லை. பிறகு அலகின் நிறத்தை உற்றுப் பார்த்துத் தண்ணீரில் தோய்த்தார். இந்தத் துவைச்சலில்தான் கத்தியின் ஆயுள் இருக்கிறது என்று எங்கள் வழிகாட்டி விளக்கினார். நான் வாங்கிய காய்கறிக் கத்தி இன்றும் முனை மழுங்காமல் இருக்கிறது. விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது, பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். பக்கத்திலேயே ஃபியா தாப் என்ற ஊர். அங்கே ஊதுவத்திதான் தொழில். மூங்கில் ஈர்க்கில் மரத்தூளை ஒட்டுவதற்கு ஒரு காட்டு இலையைப் பொடித்துப் பசையாக்குகிறார்கள். தூண்கள்மேல் நிற்கும் வீடுகளைச் சுற்றி வத்திக்கட்டுகள் விசிறிபோல் விரிந்து காய்கின்றன. அவுரி நீலத்தில் தோய்த்த ஆடை அணிந்த மூதாட்டிகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். படம் எடுக்கும் முன் தயவுசெய்து கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துச் சம்மதிக்கிறார்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. அரிசி மாவை ஆவியில் மெல்லிய ஏடாக வேகவைத்துச் சுருட்டும் பண்டம் வியட்நாம் முழுவதும் உண்டு. காவ் பாங்கில் அதை எலும்புச் சாற்றில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். குளிர்காலைக்கு அவ்வளவு பொருத்தம். சைவம் உண்பவர்கள் "அன் சாய்" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்கிறார்கள். ஆனாலும் சாறு எதில் வைத்தது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

*

நல்ல தொடக்கம். என் பங்குக்கு, அருவிக்குப் பக்கத்தில் இருக்கும் குவோய் கீ ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாய் இன மக்கள் கல்லை அடுக்கிக் கட்டிய பழைய வீடுகள்; சுவர், மதில், நடைபாதை எல்லாமே கல். அங்கே ஒரு வீட்டில் தங்கினோம். இரவு உணவுக்குப் பின் வீட்டுக்காரர் சுரைக்குடுக்கையில் செய்த, நீண்ட கழுத்துள்ள ஒரு நரம்புக் கருவியை எடுத்தார். தின் என்று அதற்குப் பெயர். அதை மீட்டிப் பாடுவது தென் எனப்படும் வழிபாட்டு மரபு. மேலுலகத்துக்குப் பயணம் போய்த் தெய்வங்களிடம் நலம் கேட்டு வருவதாகப் பாடுவார்களாம். 2019இல் இதுவும் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அவருடைய பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடினாள், ஓர் அடியையும் விடாமல். ஒரு கலை பட்டியலில் ஏறுவதைவிட இப்படி வீட்டுக்குள் கைமாறுவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அந்த ஊரிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஙூம் ஙாவ் குகை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். உள்ளே சுண்ணாம்பு விழுதுகள். வழுக்காத செருப்பு அவசியம். இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் சுங் கான் வட்டாரத்துக் கஷ்கொட்டையைச் சூடாக வறுத்து விற்பதை வாங்கிச் சாப்பிடாமல் வராதீர்கள்.

இன்னொன்று. அந்த வட்டாரத்துக் காடுகளில் காவ் விட் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கு வாழ்கிறது. அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 2002இல்தான் மீண்டும் கண்டுபிடித்தார்கள். உலகிலேயே மிக அரிய குரங்கினங்களில் ஒன்று. அதைக் காட்டுகிறேன் என்று யாராவது காட்டுக்குள் அழைத்தால் போகாதீர்கள். அவற்றை அவற்றின் போக்கில் விட்டுவிடுவதே நாம் செய்யக்கூடிய உதவி.

*

இருவருமே வரலாற்றை விட்டுவிட்டீர்கள், அதனால் நான் எழுதுகிறேன். என்னை காவ் பாங்குக்கு இழுத்தது அருவி அல்ல, பாக் போ.

1911இல் சைகோனிலிருந்து கப்பலேறிய ஓர் இளைஞர், 30 ஆண்டுகள் கழித்து 1941 ஜனவரி 28 அன்று சீன எல்லையைக் கடந்து இந்தச் சிற்றூர் வழியாகத்தான் நாட்டுக்குள் கால் வைத்தார். பிறகு ஹோ சி மின் என்று உலகம் அறிந்தவர் அவர். எல்லைக்கல்லுக்கு அருகில் உள்ள ஒரு சிறு குகையில் பலகைமேல் படுத்து, மூங்கில் குருத்தும் சோளக் கஞ்சியும் சாப்பிட்டு வாழ்ந்தார். கீழே ஓடும் நீரோடைக்கு லெனின் என்றும், மேலே நிற்கும் மலைக்கு கார்ல் மார்க்ஸ் என்றும் பெயரிட்டார். அதே ஆண்டு மே மாதம் அங்கே நடந்த கூட்டத்தில்தான் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து விடுதலைக்குப் போராடிய வியட் மின் அமைப்பு உருவானது. ஓடையின் நீர் பச்சையும் நீலமும் கலந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல்வரை தெரியும்படி ஓடுகிறது. கல்லை மேசையாக்கி அவர் மொழிபெயர்ப்பு வேலை செய்த இடத்தையும் காட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். காலையிலேயே போய்விட்டால் நிதானமாகப் பார்க்கலாம்.

நுயென் பின் பக்கம் சென்றால் 1944 டிசம்பர் 22 அன்று வியட் மின்னின் தளபதி வோ நுயென் கியாப் 34 பேருடன் முதல் படைப்பிரிவை அமைத்த காடு இருக்கிறது. இன்றைய வியட்நாம் ராணுவம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்த நாளைத்தான். தெற்கே டோங் கே, அன்று பிரெஞ்சுக் காவல் நிலை இருந்த ஊர். 1950 செப்டம்பரில் அதை வியட் மின் கைப்பற்றியதும் காவ் பாங்கிலிருந்த பிரெஞ்சுப் படை தனித்துவிடப்பட்டது. அக்டோபரில் பின்வாங்கிய அந்தப் படையும், அதைக் காக்க வந்த படையும் நான்காம் எண் சாலைப் பக்கத்து மலைகளில் அழிந்தன. அந்த வழியாக லாங் சோன் வரை பஸ்ஸில் வந்தேன். இருபுறமும் செங்குத்துப் பாறைகள் நெருக்குவதைப் பார்த்தால், ஏன் அவர்களால் தப்ப முடியவில்லை என்பது வரைபடம் இல்லாமலே விளங்கும்.

ஆனால் ஊர்க்காரர்களின் நினைவில் நெருக்கமாக இருப்பது 1979. அந்த ஆண்டு பிப்ரவரி 17 அன்று சீனப் படைகள் எல்லை தாண்டின. காவ் பாங் நகரம் தரைமட்டமானது. பாக் போ குகையையும் வெடிவைத்துச் சிதைத்தார்கள். இன்று நகரில் நூறாண்டு பழைய கட்டடங்களைத் தேடினால் அவ்வளவாகக் கிடைக்காததன் காரணம் இதுதான். என்னை அழைத்துச் சென்ற ஓட்டுநருக்கு அப்போது இரண்டு வயது. அம்மா முதுகில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தாராம். "இப்போது எல்லைச் சந்தையில் அந்தப் பக்கத்து ஆட்களிடம்தான் என் அக்கா வியாபாரம் செய்கிறார். அவர்களும் எங்கள் மொழியைத்தான் பேசுகிறார்கள்" என்றார். வெறுப்போடு சொல்லவில்லை, மறந்துவிட்டும் சொல்லவில்லை.

விசா பற்றிக் கேட்கப் போகிறவர்களுக்கு: இந்தியக் கடவுச்சீட்டுக்கு இணையவழி மின்விசா கிடைக்கிறது, 90 நாள்வரை தங்கலாம். மழைக்காலத்தில் போனால் மலைச்சாலைகளில் மண்சரிவு பற்றி விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். 2024 செப்டம்பரில் யாகி புயலின்போது நுயென் பின் பகுதியில் ஒரு பஸ்ஸே சரிவில் அடித்துச் செல்லப்பட்டுப் பல உயிர்கள் போயின. இரவுப் பஸ்ஸைத் தவிர்த்துப் பகலில் பயணம் செய்தால் பாதுகாப்பும் கூடும், மலைகளையும் பார்த்துக்கொண்டே போகலாம்.