அத்தைக்கு மார்பகப் புற்று: நான் மரபணுச் சோதனை செய்ய வேண்டுமா?

செம்பனை மகள்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டம். வயது 27. அப்பாயி மார்பகப் புற்றில் போனார். அத்தைக்கு 38 வயதில் வந்து, இப்போது ஈப்போவில் கீமோ. நான் பிஆர்சிஏ என்ற மரபணுச் சோதனை செய்துகொள்ளவா என்றால், "பெண் கேட்டு வரும் நேரத்தில் இது எதற்கு" என்கிறார் அப்பா.

மூணாம் டிவிசன்:
அப்பா சொல்வதைக் கேளும்மா. பொம்பளைங்க நோய் அப்பா வழியில் எப்படி வரும்? பேச்சு கிளம்பினால் தங்கச்சி வரனும் தட்டிப்போகும்.

மிஸி அக்கா:
வரும் அண்ணே. பிஆர்சிஏ1 என்ற மரபணு 17ஆம் குரோமோசோமில், பிஆர்சிஏ2 13ஆம் குரோமோசோமில். இரண்டும் ஆண், பெண் எல்லோருக்கும் உண்டு. அப்பாவிடம் இவற்றில் ஒன்றில் பழுது இருந்தால், அவருக்கு நோயே வராவிட்டாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பழுது இறங்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 2017இல் வந்த பெரிய ஆய்வின்படி, பழுதுள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு முதலாவதில் 72 விழுக்காடு, இரண்டாவதில் 69. சூலகப் புற்றும் சேர்ந்துகொள்ளும்.

பழைய கிராணி:
மார்பகப் புற்றில் பரம்பரையாக வருவது 100க்கு 5 முதல் 10தான். மற்றவர்கள்? நம் பெண்கள் கட்டி தட்டுப்பட்டாலும் வெட்கப்பட்டு, எண்ணெய் தடவி, புண்ணாகி நாற்றம் வந்த பிறகுதான் கிளினிக் போகிறார்கள். முதலில் மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேக்கு, அழைத்துப் போங்கள். மரபணுச் சோதனையில் பாசிட்டிவ் என்று வந்தால் என்ன செய்வது? ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி, பிஆர்சிஏ1 பழுது இருந்ததால், 2013இல் இரண்டு மார்பும் எடுத்துவிட்டதாகச் சொன்னார். அவரிடம் காசு இருக்கிறது.

மிஸி அக்கா:
கட்டியை மறைப்பது பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் 27 வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும். மேமோகிராமில் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அதனால்தான் பழுது உள்ளவர்களுக்கு 25 வாக்கிலேயே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். அறுவைதான் ஒரே வழி என்றில்லை.

இன்னொன்று, தங்கச்சி. முதலில் சோதிக்க வேண்டியது உன்னை இல்லை, அத்தையை. அவரிடம் பழுது எது என்று தெரிந்தால் உன்னிடம் அதை மட்டும் தேடலாம். அது தெரியாமல் உனக்கு நெகட்டிவ் வந்தால், தப்பித்தாயா, குடும்பத்துப் பழுது அந்தச் சோதனையில் சிக்கவில்லையா என்று சொல்ல முடியாது. அத்தைக்கும் லாபம் உண்டு. பழுது உள்ள சிலருக்கு ஒலாபரிப் என்ற புற்றுநோய் மாத்திரை கொடுக்கிறார்கள்.

பழைய கிராணி:
மாத்திரை விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள் மிஸி. எம்ஆர்ஐ, அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை, தனியாரில் பை காலி. வருசா வருசம் யார் கட்டுவது?

செம்பனை மகள்:
அத்தை வாயில் கஞ்சிகூட நிற்கவில்லை. அவரிடம் போய் எனக்காக ரத்தம் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

மிஸி அக்கா:
அவருக்கு மகள் உண்டா? அவளுக்காக என்று ஆரம்பி.

மூணாம் டிவிசன்:
சும்மா கேட்கிறேன். எனக்கு இரண்டும் பையன்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லையே?

மிஸி அக்கா:
பிஆர்சிஏ2 பழுது இருந்தால் ஆண்களுக்கு புராஸ்டேட் புற்று வாய்ப்பு கூடும், அரிதாக மார்பிலும் வரும். உங்கள் வீட்டில் யாருக்கு வந்தது அண்ணே?

மூணாம் டிவிசன்:
அக்காவுக்கு. ஆனால் அவள் வேறு தோட்டம்.