சார்பா, தங்குநிலையா, தாங்குபொதியா?

ஹட்டனிலிருந்து:

அன்பின் குழுவினருக்கு வணக்கம். உயர்தர மாணவருக்கான லினக்ஸ் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. பொதிகளை, அதாவது கட்டி வைத்த மென்பொருள் தொகுப்புகளை, இற்றைப்படுத்தும் அத்தியாயம் மட்டும் சொல் முடிவாகாமல் நிற்கிறது. ஒரு பொதி இயங்குவதற்கு மற்றொன்று வேண்டும் என்ற உறவை (ஆங்கிலத்தில் 'டிபென்டென்சி') மொழிபெயர்ப்பாளர் ஒருவர் 'சார்பு' என்றும் மற்றவர் 'தங்குநிலை' என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த உறவு சிக்கலாகி, பொதிகளை நிறுவும் ஆப்ட் கட்டளை அவற்றை நிறுவ மறுக்கும் நிலையை ஒருவர் 'சார்பு முரண்' என்கிறார். மற்றவர் 'டிபென்டென்சி பிரச்சினை' என்றே விட்டுவிட்டார். தோட்டப் பாடசாலைகளிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் இந்த நூலில்தான் முதன்முதலாக லினக்ஸைப் பற்றிப் படிக்கப் போகிறார்கள். வியாழன் மாலைக்குள் ஒரு முடிவு தந்து உதவுங்கள்.

பதுளையிலிருந்து:

வணக்கம் டீச்சர். 'சார்பு' பெருமை மிக்க சொல். "சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்" என்று வள்ளுவர் அதை மெய்யுணர்தல் அதிகாரத்தில் வைக்கிறார். தனித்து ஒலிக்க இயலாத குற்றியலுகரத்தையும் ஆய்தத்தையும் இலக்கணம் சார்பெழுத்து என்கிறது. தொல்காப்பியர் மூன்று என்றதை நன்னூலார் பத்தாக விரித்தார். குற்றியலுகரம் வல்லின மெய்யொன்றின் மேல் ஏறித்தான் வரும், அதற்கு முன்னும் ஓர் எழுத்தோ தொடரோ நிற்க வேண்டும் என்பதை நினைத்தால், ஒரு பொதி பல பொதிகளை வேண்டி நிற்பதற்கு அதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைக்காது.

ஆயினும் நம் நாட்டுக் கணித நூல்களில் சைனும் கோசைனும் திரிகோணகணிதச் சார்புகள். பைதன் நிரல்மொழிப் பாடத்தில் மாணவர் எழுதுவதும் சார்புதான். ஒரே கைநூலில் ஒரே சொல் இரண்டு பொருளில் வந்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? எனவே 'தங்குநிலை' என்பதே என் முடிவு. படிவங்களில் 'தங்கிவாழ்வோர்' என்று நிரப்புகிறோம்; நாட்டின் வருமானம் தேயிலையில் தங்கியிருக்கிறது என்று எழுதுகிறோம். இங்கே வேரூன்றிய வழக்கை நாம் ஏன் விட வேண்டும்?

மேலும், பொதிகளை நிறுவி நீக்கும் மென்பொருளைக் குறிக்கும் 'பொதி முகாமையாளர்' என்பதற்குப் பதிலாகக் 'கங்காணி' என்று சொல்லலாமா என்று குழுவினர் சிந்திக்க வேண்டும். கண்காணி என்பதன் திரிபான அது, எல்லாவற்றையும் பார்த்து ஒழுங்குசெய்பவரைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல்.

நுவரெலியாவிலிருந்து:

ஐயா, கங்காணி வேண்டாம்; தோட்டத் தொழிலாளரைத் திரட்டி மேற்பார்த்தவரின் பெயர் அது. அந்தச் சொல்லின் வேர் எதுவாக இருந்தாலும், துண்டு முறையில் தங்கள் கடனோடு சேர்த்துத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கப் போகும் நூல் இது.

மற்றையது பற்றி: பிள்ளைகள் திரையில் காண்பது ஆங்கிலச் செய்தி. அதைத் தேடிப் படிக்க ஆங்கிலச் சொல்லே உதவும். 'டிபென்டென்சி' என்று தமிழ் எழுத்தில் எழுதுவதே அவர்களுக்கு நாம் செய்யும் உதவி என்பது என் கருத்து.

கண்டியிலிருந்து:

கணிதச் சார்பு பற்றிய ஐயாவின் தடை நியாயமானது. ஆனால் 'தங்குநிலை', 'டிபென்டென்சி' ஆகிய இரண்டுமே பெரிய குழப்பமொன்றைத் தொடாமல் விடுகின்றன. ஆங்கிலச் சொல் உறவையும் குறிக்கிறது, அந்த உறவில் தேவைப்படும் பொதியையும் குறிக்கிறது. எது எதன்மேல் நிற்கிறது என்று மாணவர் தடுமாறுவது அதனால்தான். உறவைச் 'சார்வு' என்போம். சார்ந்து நிற்பதைச் 'சார்பொதி' என்போம். அதைச் சுமப்பதைத் 'தாங்குபொதி' என்போம். வினைத்தொகையில் 'பாய்புலி' போல எழுவாய் உறவும் வரும், 'குடிநீர்' போலச் செயப்படுபொருள் உறவும் வரும் என்பதால், 'சார்பொதி' தனியே நின்றால் ஐயம் எழும். தாங்குபொதி அருகில் வரும்போது அது தீரும்.

இது வெறும் இலக்கண ஆசையன்று. கணினி வினாடிகளை எண்ணும் 32 பிட் நேரக்கணக்கு 2038 ஜனவரியில் நிரம்பிவிடும் என்பதால், டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு 2024இல் அதை 64 பிட்டாக மாற்றத் தொடங்கியது. பிற நிரல்கள் பயன்படுத்தும் நூற்றுக்கணக்கான நூலகப் பொதிகளின் பெயர்களில் 'டீ64' என்ற ஒட்டு சேர்ந்தது. தாங்குபொதி ஒன்றின் பெயர் மாறினால் அதன் சார்பொதிகள் அனைத்தையும் புதிதாகத் தொகுக்க வேண்டும். அவற்றில் பலவும் வேறு சிலவற்றுக்குத் தாங்குபொதிகள். எல்லாம் ஆயத்தமாகும்வரை, புதிய பொதிகள் முதலில் வரும் நிலையற்ற கிளையிலிருந்து, அடுத்த வெளியீட்டுக்கான சோதனைக் கிளைக்கு அவை நகர முடியாது. ஒன்றைத் தனியே முன்னே விட்டால் மற்றவை உடைந்துபோகும். வெளியீட்டுக் குழுவினர் ஒருங்கிணைப்பது இதைத்தான். இதைச் சொல்ல இரண்டு முனைகளுக்கும் பெயர் வேண்டும்.

'முரண்' என்ற ஒரே சொல்லில் எல்லாத் தொல்லையையும் அடைப்பதும் தவறு. தேவையான தாங்குபொதி கிடைக்காதது 'நிறைவுறாச் சார்வு'. இரண்டு சார்பொதிகள் ஒரே தாங்குபொதியின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்பதே 'சார்வு முரண்'. இன்ன பொதியோடு ஒரே கணினியில் இருக்க இயலாது என்று ஒரு பொதி தன் விவரக்கோப்பிலேயே அறிவிப்பது 'பகை'. சித்த மருத்துவம் சரக்குகளை நட்பு, பகை என்று பிரித்த மரபு நமக்கு உண்டு. மூன்றுக்கும் தீர்வுகள் வேறு. முதலாவதற்கு, பொதிகளைத் தரும் களஞ்சியங்களின் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவதில் பெரும்பாலும் காத்திருக்க வேண்டும். மூன்றாவதில் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். சொல் பிரிந்தால்தான் மாணவர் தீர்வையும் பிரித்தறிவார்.

கூட்டாக நகரும் அந்த நிகழ்வுக்கு வரைவில் 'இடப்பெயர்வு' என்று இருக்கிறது. தயவுசெய்து அதை மாற்றுங்கள். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பாரம் உண்டு. 'கூட்டுநகர்வு' போதும்.

பதுளையிலிருந்து:

கங்காணியைத் திரும்பப் பெறுகிறேன். 'பகை' அருமை. ஆனால் 'சார்வு' என்பது 'சார்பு' என்பதன் மறுவடிவமே. ஓரெழுத்து மாறினால் கணிதக் குழப்பம் நீங்கிவிடுமா? அச்சில் பிழை என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். 'தங்குநிலை' என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

ஹட்டனிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. கண்டி நண்பரின் பரிந்துரையை ஏற்று 'சார்வு', 'சார்வு முரண்', 'பகை', 'கூட்டுநகர்வு' ஆகியவற்றை வைத்துக்கொள்கிறோம். 'தாங்குபொதி' அத்தியாயம் முழுவதும் வரும். அதைப் படித்துப் பார்த்த மாணவியர் இருவரும் விளக்கம் கேட்கவில்லை. நுவரெலியா நண்பரின் விருப்பப்படி, திரையில் வரும் செய்திகள் தமிழ் எழுத்தில் ஒரு பட்டியலாகப் பின்னிணைப்பில் சேரும். ஐயாவின் 'தங்குநிலை' சொல்லடைவில் மாற்றுச் சொல்லாக இடம்பெறும்.

பதுளையிலிருந்து:

மாற்றுச் சொல்லாக அன்று, முதற்சொல்லாக வர வேண்டும் என்பதை இரண்டாம் பதிப்புக்காக இங்கே பதிவுசெய்கிறேன்.